கேரி தீவில் கேட்ட ஜெபம்

"பாப்பா, ஜெபம் நல்லாத்தான் இருந்துச்சு. முடிஞ்சதும் ஒரு பாட்டுப் போடுவியோன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

அத்தை இப்படிச் சொன்னதும் சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். குடும்ப ஜெபத்தை நடத்தி 'ஆமென்' சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால், அன்றிரவு கேரி தீவிலிருந்து கிள்ளானுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேலி காரில் என்னோடு வந்தது. அத்தை சொன்னதில் தவறில்லை.

நான் வானொலி அறிவிப்பாளர். நேரலையில் சில விநாடிகள் ஓசை நின்றாலே எங்களுக்குப் பதற்றம். அதற்கு 'டெட் ஏர்' என்று பெயர். ஊடகப் படிப்பின் முதலாண்டிலிருந்தே அந்த மௌனத்துக்குப் பயப்படப் பழக்கியிருந்தார்கள். எந்த இடைவெளியையும் இனிமையான சொற்களால் நிரப்பிவிடுவேன். கடவுள் முன்னிலையிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

அப்பா பக்கவாதத்தால் விழுந்து பதினாறு நாள் மருத்துவமனையில் கிடந்தார். கட்டிலருகே நின்று நான் செய்த ஜெபங்களைக் கேட்டுப் பக்கத்துக் கட்டில்காரர்கள் தங்களுக்காகவும் ஜெபிக்கச் சொன்னார்கள். அவ்வளவு சரளம். பதினேழாம் நாள் அதிகாலை அப்பா போய்விட்டார். அதன் பிறகும் யாராவது கேட்டால் ஜெபிப்பேன்; வாய் அதுபாட்டுக்கு ஓடும். தனியாக உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வராது. வந்த வார்த்தைகளை எனக்கே நம்ப முடியவில்லை. இப்படி ஓராண்டு.

இதைச் சொல்லத்தான் மறுமாதம் மீண்டும் அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பாவின் அக்கா அவர். கிள்ளான்–பந்திங் சாலையில் தெலுக் பங்லிமா காராங் வந்ததும் திரும்பி, லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கேரி தீவு. எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயர் அதற்கு. வெளியூர்க்காரர்கள் மா மெரி பூர்வகுடியினர் செதுக்கும் மர முகமூடிகளைப் பார்க்கவும் நண்டு சாப்பிடவும் வருவார்கள். மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான். அத்தை அந்தத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியே நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு மகன் இன்னமும் அங்கே வேலை செய்கிறார்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அத்தை ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தன் வேதாகமத்தை எடுத்துவந்தார். அட்டை பிரிந்து, தையல்காரரிடம் கொடுத்துத் தைத்த புத்தகம். அது 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் உருவான பழைய மொழிபெயர்ப்பு. என் கைப்பையில் இருந்ததோ 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம், அம்மா கத்தோலிக்கர். அத்தைக்குக் கர்த்தர், சங்கீதம், ஜெபம். எனக்கு ஆண்டவர், திருப்பாடல், செபம். எங்கள் குடும்பக் கல்யாணங்களில் பாதிச் சண்டை இந்தச் சொற்களால் வந்ததுதான், அதை இங்கே விரிக்க வேண்டாம்.

அத்தை முதலில் 23-ஆம் சங்கீதத்தை வாசித்தார். ஆயரைப் பற்றிய பாடல். கிறிஸ்தவர் அல்லாதவர்கள்கூட எங்காவது கேட்டிருப்பார்கள். எனக்கு மனப்பாடம். ஆனால் அத்தை வரிக்குக் கீழே விரலை வைத்து, மூச்சு வாங்கி மெதுவாக வாசித்தபோது, இத்தனை வருடம் கவனிக்காத ஒன்று காதில் விழுந்தது. பாடல் தொடங்கும்போது கடவுள் 'அவர்'. புல்வெளிக்கு நடத்துபவர் அவர், தண்ணீரண்டை சேர்ப்பவர் அவர். இருண்ட பள்ளத்தாக்கு வருகிற நான்காம் வசனத்தில் சட்டென்று 'நீர்' ஆகிவிடுகிறார். பசும்புல்லில் நடக்கும்வரை கடவுளைப் பற்றிப் பேசியவர், இருட்டு வந்ததும் கடவுளிடமே பேசுகிறார். மொழியை வைத்துப் பிழைப்பவள் நான். இதைக் கவனிக்க ஆறாம் வகுப்புவரை படித்த அத்தை வாசிக்க வேண்டியிருந்தது.

பிறகு அத்தை பக்கங்களைப் புரட்டி 88-க்குப் போனார். கோயிலில் அதிகம் வாசிக்கப்படாத பாடல் அது. சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். அவற்றில் பெரும்பாலானவை அழுது முடித்துத் துதியில் கரையேறிவிடும். 88 கரையேறுவதில்லை. இரவும் பகலும் கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைத்துக்கொள்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய் அப்படியே நின்றுவிடுகிறது. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே 'இருள்'.

"தம்பி செத்த அன்னிக்கு இதத்தான் வாசிச்சேன்" என்றார் அத்தை. "இப்படியெல்லாம் கேக்கலாம்னு அவரே புஸ்தகத்துல வச்சிருக்காரு. அப்புறம் நாம என்னாத்துக்கு நடிக்கணும்?"

சொந்தச் சொற்களில் செய்வதே உண்மையான செபம், மற்றவை ஒப்பிப்பு என்று நினைத்திருந்தேன். திருவிவிலியத்துக்குள் இருப்பவர்களே அப்படிச் செய்யவில்லை. மீன் வயிற்றுக்குள் யோனா செய்கிற மன்றாட்டு முழுக்கச் சங்கீதச் சாயல். மரியாளின் பாடலில் சாமுவேலின் தாய் அன்னாவின் பாடல் எதிரொலிக்கிறது. இயேசு சிலுவையில் தொங்கியபோது வாயில் வந்தவை 22-ஆம், 31-ஆம் திருப்பாடல்களின் வரிகள். வீட்டில் தேவாரம் ஓதுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. யாரோ என்றோ அழுத வரிகள்தாம் நம் அழுகைக்கும் வழிவிடுகின்றன.

12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ இதற்கு நான்கு படிகள் வகுத்தார்: வாசி, அசைபோடு, மன்றாடு, பிறகு பேச்சை விட்டுச் சும்மா இரு. மறைநூல் வாசிப்போடு செபமும் சேர்ந்து வர வேண்டும் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சொன்னது. அத்தைக்குக் குய்கோவையும் தெரியாது, வத்திக்கான் ஏட்டையும் தெரியாது. ஆனாலும் நான்கு படிகளும் அவரிடம் இருந்தன. எனக்கு நான்காவதுதான் கஷ்டம். அதுதானே டெட் ஏர்.

இப்போது காலை நேர நிகழ்ச்சிக்கு முன், நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில் பத்து நிமிடம் உட்காருகிறேன். ஒரே ஒரு பாடல், வாய்விட்டு. எந்தச் சொல் இடறுகிறதோ அங்கே நின்றுவிடுவேன். அதைத் திரும்பச் சொல்வேன். அதில் அப்பாவின் பெயரை வைத்துச் சொல்லிப் பார்ப்பேன். சில நாள் கோபம் வரும். பல நாள் ஒன்றுமே வராது, கொட்டாவிதான்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்: கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய செய்தியாக எடுத்துக்கொள்வது. புத்தாண்டு ஆராதனையில் வாங்கும் வாக்குத்தத்த அட்டையையும் அப்படித்தான் லாட்டரிச் சீட்டுபோல வைத்திருந்தேன். எரேமியா 29-ஆம் அதிகாரம், 11-ஆம் வசனம். நல்ல எதிர்காலம் தருவேன் என்கிற, வாட்ஸ்அப்பில் தினமும் சுற்றும் வசனம். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அனுப்புவதில்லை. பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. எழுபது ஆண்டு ஆகும் என்கிறது. கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்நிய ஊரின் நலனுக்காகவே மன்றாடுங்கள் என்கிறது கடிதம்.

அத்தையிடம் அந்த அதிகாரத்தை முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். அவருடைய தாத்தா, சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்; திரும்பவே இல்லை. அத்தை வெளியே செம்பனை நிரைகளைப் பார்த்தபடி இருந்தார். "எங்க தாத்தாவுக்குப் போட்ட லெட்டர் மாதிரியில்ல இருக்கு" என்றார். அன்றிரவு அவர் ஜெபத்தில் இந்தத் தீவு வந்தது, தோட்டத்தில் புதிதாய் வந்திருக்கும் வங்காளதேசத் தொழிலாளர்கள் வந்தார்கள், மழை வந்தது, தம்பியின் பெயரும் வந்தது. இடையிடையே நெடுநேரம் நிறுத்தினார். யாரும் எதையும் நிரப்பவில்லை.

போன வாரம் அத்தை கைபேசியில் அழைத்தார்.

"இப்ப எத்தனாவது சங்கீதம் பாப்பா?"

"இன்னும் 88-லதான் அத்தை இருக்கேன்."

"சரி, இரு. 89 எங்கயும் ஓடிடாது."