அரிசியா, 600 ரூபாயா? குழம்பில் பருப்பு விழுவது அதில்தான் இருக்கிறது!

புதுச்சேரி:

"இன்னைக்கு என்ன குழம்பு?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

"கையில எவ்வளவு இருக்கு?" என்று வீட்டுக்காரம்மா திருப்பிக் கேட்கிறார்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் வாரக் கடைசி வந்தால் இதுதான் பேச்சு. கூலி வாரக் கூலி. சந்தை வாரச் சந்தை. மளிகைக் கடை நோட்டில் பாக்கியும் வாரக் கணக்கு. ஆனால் அரிசி மட்டும் மாதக் கணக்கு! இடிப்பது அந்த இடத்தில்தான்.

பாகூர் என்றால் புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர். சொர்ணாவூர் அணைக்கட்டில் இருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் பாகூர் ஏரிக்கு வருகிறது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. விளைந்து என்ன? நாற்று நடுகிற கை ஒன்று, நெல்லுக்குச் சொந்தக்காரர் கை இன்னொன்று. நடவுக்கும் அறுப்புக்கும் போகிற குடும்பம் அரிசிக்கு ரேஷன் கார்டைத்தான் நம்பி இருக்கிறது.

சிவப்பு கார்டு, மஞ்சள் கார்டு

புதுவையில் சிவப்பு கார்டு வறுமைக்கோட்டுக்குக் கீழே. மஞ்சள் கார்டு மேலே. புதுவை அரசின் இலவச அரிசித் திட்டத்தில் சிவப்புக்கு மாதம் 20 கிலோ, மஞ்சளுக்கு 10 கிலோ என்று இருந்தது.

2015 செப்டம்பரில் மத்திய அரசின் மானியம் தானியத்துக்குப் பதில் பணமாக பேங்க் கணக்கில் விழ ஆரம்பித்தது. நாட்டிலேயே இதை முதலில் செய்து பார்த்த இடங்கள் சண்டிகரும் புதுச்சேரியும். பிறகு புதுவை அரசின் சொந்த இலவச அரிசிக்கும் தகராறு வந்தது. "அரிசிதான் கொடுப்போம்" என்றார் அப்போது முதல்வராக இருந்த நாராயணசாமி. "பணமாகத்தான் தர வேண்டும்" என்றார் கவர்னராக இருந்த கிரண் பேடி. 2019 பிப்ரவரியில் முதல்வர் கறுப்புச் சட்டையோடு கவர்னர் மாளிகை எதிரே தெருவில் படுத்துவிட்டார்! அவர் கேட்டவற்றில் இலவச அரிசியும் ஒன்று. கடைசியில் மத்திய அரசும் பணம் என்றே சொல்லிவிட்டது. கோர்ட்டுக்குப் போயும் அரிசி வரவில்லை.

20 கிலோவுக்குப் பதில் 600 ரூபாய். 10 கிலோவுக்கு 300. அதாவது கிலோ 30 ரூபாய் என்று கணக்கு. ரேஷன் கடைகளில் பூட்டு தொங்கியது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு கேட்டு வந்தவர்களிடம் பெண்கள் கேட்ட கேள்வியே "கடையை எப்ப தொறப்பீங்க?" என்பதுதான். அதே ஆண்டு அக்டோபரில், தீபாவளிக்கு 10 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரையோடு ரங்கசாமி அரசு கடைகளை மறுபடி திறந்தது.

100 ரூபாய் எங்கே போச்சு?

20 கிலோவும் 600 ரூபாயும் ஒன்றுதானே என்று படித்தவர்கள் கேட்கலாம். ஒன்று இல்லை!

ஒரு வீட்டை எடுத்துக் கொள்வோம். புருஷன், பெண்டாட்டி, ஒரு மாமியார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். சிவப்பு கார்டு. நாளைக்கு ஒரு கிலோ அரிசி வேகிறது, மாதம் 30 கிலோ. கடையில் சுமாரான அரிசி கிலோ 50 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், 600 ரூபாய்க்கு வருவது 12 கிலோ. பாக்கி 8 கிலோ எங்கே?

20 கிலோ அரிசியாகவே கைக்கு வந்தால் இன்னும் 10 கிலோ வாங்கினால் போதும். மாதம் 500 ரூபாய். பணமாக வந்தால் 30 கிலோவையும் வாங்க வேண்டும், 1,500 ரூபாய். அதில் அரசாங்கம் கொடுத்த 600 போக, கைப்பணம் 900. வித்தியாசம் மாதம் 400. வாரத்துக்கு 100 ரூபாய்.

ஆபீஸ்காரருக்கு 100 ரூபாய் இரண்டு டீ, இரண்டு வடை, பஸ் காசு. சமையலுக்கு வாரம் 700 ரூபாய் ஒதுக்குகிற வீட்டில் அது அரைக் கிலோ துவரம்பருப்பும் கொஞ்சம் கருவாடும். குழம்பில் பருப்பு இருக்குமா, வெறும் புளித்தண்ணியா என்பதை அந்த 100 ரூபாய்தான் முடிவு செய்கிறது.

இன்னொன்றும் உண்டு. அரிசி மூட்டை வீட்டுக்குள் வந்தால் அது அடுப்புக்குத்தான் போகும். பணம் பேங்கில் விழுந்தால், கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் கைக்குப் போகும். புதுவையில் சாராயக்கடை எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பணமே தேவலை என்கிறவர்களும் இல்லாமல் இல்லை. "ரேஷன் அரிசியில கல்லும் புழுவும் பொறுக்கி மாளல. காசு குடுத்தா நல்ல அரிசியா பாத்து வாங்கலாம்" என்பது அவர்கள் கட்சி. அதிலும் நியாயம் இருக்கிறது. கிலோ 30 ரூபாய்க்கு அந்த நல்ல அரிசி எந்தக் கடையில் கிடைக்கிறது என்றுதான் யாரும் சொல்வதில்லை.

தெருவுக்கு அந்தப் பக்கம்

இந்தப் பகுதியில் எல்லை எங்கே முடிகிறது என்று பஸ் கண்டக்டருக்கே தெரியாது. பாகூர் ரோட்டில் போனால் புதுவை வரும், தமிழ்நாடு வரும், மறுபடி புதுவை வரும். தமிழ்நாட்டுக் கார்டுக்கு 2011 ஜூனில் இருந்து இலவச அரிசி. அதோடு துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். புதுவைக் கார்டு வைத்திருக்கிற அக்கா பருப்பையும் எண்ணெயையும் வெளி விலைக்கு வாங்குகிறார். நாலு வயல் தள்ளி, தமிழ்நாட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி ரேஷனில் வாங்குகிறார். அக்கா வீட்டுக்கு வரும்போது தங்கச்சி என்ன கொண்டு வருவார் என்று சொல்லவும் வேண்டுமா?

சில்லறையில் போகிற பணம்

ஏழை வீட்டில்தான் எல்லாம் விலை அதிகம்! நம்ப முடியவில்லையா? மாசி, பங்குனியில் புது புளி வரும். கையில் காசு இருக்கிறவர் வருஷத்துக்கே வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்து விடுவார். இல்லாதவர் வருஷம் பூராவும் சின்னச் சின்னப் பொட்டலமாக வாங்குவார். எண்ணெய் கால் லிட்டர், மசாலா 5 ரூபாய் பாக்கெட், டீத்தூள் 5 ரூபாய் பாக்கெட். கூட்டிப் பார்த்தால் மொத்தமாக வாங்குகிறவரை விடக் கூடத்தான் கொடுத்திருப்பார்.

வெளியே மலிவாகக் கிடைத்தாலும் போய் வாங்க முடியாது. கடை நோட்டில் பாக்கி நிற்கிறதே! பாக்கி இருக்கிற கடையை விட்டு வேறு கடைக்குப் போனால் அடுத்த வாரம் கடன் கிடைக்காது. 100 நாள் வேலைக்கு 2025-26ம் ஆண்டுக்குப் புதுவையில் நாள் கூலி 336 ரூபாய் என்று நிர்ணயம் ஆனது. அது அன்றன்றைக்குக் கையில் கிடைக்கிற காசு இல்லை. பேங்கில் விழும்போது எடுக்கிற காசு. அதுவரைக்கும் நோட்டுதான்.

பணம் தீர்கிற வரிசை

கெட்டிக்கார வீட்டம்மாக்கள் வாரத்தை வைத்திருக்கிற விதமே தனி. ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ கோழியோ, கூடையில் வருகிற மீன்காரம்மாவிடம் மத்தியோ காரப்பொடியோ. குழம்பு மண்சட்டியில், கொஞ்சம் அதிகமாகவே. ஏன் என்றால் திங்கட்கிழமை காலைக்கும் அதுதான். முதல் நாள் மீன் குழம்பும் பழைய சோறும் சேர்ந்தால் அந்த ருசிக்கு ஓட்டல் சாப்பாடு கிட்ட வராது!

செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டு சந்தை. சாயங்காலம் கடை கட்டுகிற நேரத்துக்குப் போனால் கத்தரிக்காயும் தக்காளியும் கூறு போட்டு மலிவாகத் தள்ளி விடுவார்கள். அடிபட்ட தக்காளி அன்றைக்கே தொக்காகி விடும். வெங்காயம் மட்டும் பார்த்துப் பொறுக்க வேண்டும், அது வாரம் பூரா வரவேண்டியது.

புதன்கிழமை காசு வேண்டாம். கொல்லையில் முருங்கை, வரப்பில் பொன்னாங்கண்ணி. ஒரு கைப்பிடி சென்னாகுன்னி போட்டு முருங்கைக்கீரை வதக்கினால் அதுவே பெரிய விருந்து. சென்னாகுன்னி தெரியாத பட்டணத்து வாசகர்களுக்கு: பொடிப்பொடியான காய்ந்த இறால். வியாழக்கிழமை மல்லாட்டைத் துவையல், ரசம். வெள்ளிக்கிழமை கவுச்சி கிடையாது, அன்றைக்குத்தான் பருப்பு. மேலே சொன்ன அந்த 100 ரூபாய் கையில் இருந்தால் சாம்பார், இல்லாவிட்டால் காரக்குழம்பு.

பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் இரண்டு பிள்ளைகளுக்கு மதியச் சோறு அங்கேயே ஆகிவிடுகிறது. புதுவைக்கு இது புதிது இல்லை. 1930ல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலேயே இங்கே பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டிருக்கிறார்கள். ஆனால் மே மாதம் வந்தால் பிள்ளைகள் மூன்று வேளையும் வீட்டில். நாளைக்கு ஒரு கிலோ என்கிற கணக்கு அந்த மாதம் செல்லாது. வயல் வேலையும் குறைகிற மாதம் அதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் டப்பாவைத் தட்டினால் சத்தம் வராது. கம்போ கேழ்வரகோ இருந்தால் கூழ். கடித்துக் கொள்ள மோர் மிளகாய், இரண்டு சின்ன வெங்காயம். "நாளைக்கு மீன் உண்டா?" என்று சின்னது கேட்கும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அம்மா இல்லை, கூலி வாங்கிக்கொண்டு வருகிற அப்பா!