டிக் டிக் சத்தமும் புட்டி மருந்தும்

பழைய காடி, நம்ம ஊர் சாலை – 14

சென்ற வாரம் ரேடியேட்டரோடு நிறுத்தினோம். இந்த வாரம் காதுக்கு வேலை. காலையில் சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்கு அடியில் 'டிக் டிக்' என்று சத்தம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அதுவா அண்ணே, ஒரு புட்டி ஊத்துங்க, அடங்கிடும்" என்கிறார். அடங்கவும் கூடும். அதுதான் என் கவலை.

முதலில் காசு செலவில்லாத வேலை. காடியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி செருகிப் பாருங்கள். எண்ணெய் கீழ்க்கோட்டைத் தொடவில்லையா? பாதி விடை கிடைத்துவிட்டது. கேம் ஷாஃப்டும் ராக்கர்களும் எஞ்சினின் உச்சியில் இருப்பவை. எண்ணெய் குறைந்து அழுத்தம் விழுந்தால் முதலில் முனகுவது அவைதான். எண்ணெய் அழுத்த விளக்கும் எரிந்தால் அங்கேயே அணைத்துவிட வேண்டும். பட்டறை வரைக்கும் ஓட்டிப் போய்விடலாம் என்ற துணிச்சலில் கிராங்க் ஷாஃப்டையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

எண்ணெய் சரியாக இருந்தும் சத்தம் வந்தால், உங்கள் எஞ்சின் எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். 1985 ஜூலை 9-ஆம் தேதி வெளிவந்த புரோட்டோன் சாகாவின் எட்டு வால்வு எஞ்சின் மிட்சுபிஷி தந்தது. அதில் வால்வு இடைவெளியைத் திருகாணியால் சரிசெய்ய வேண்டும். ஏறத்தாழ கால் மில்லிமீட்டருக்குள் அடங்கும் இடைவெளி அது. தேய்ந்து அகலும்போது ராக்கர் தட்டும். பீலர் கேஜும் ஸ்பானரும் கையில் உள்ள நல்ல போர்மேனுக்கு ஒரு மணி நேர வேலை. எந்தப் புட்டியும் திருகாணியைத் திருகாது.

பெர்டானாவின் 4ஜி63, 1.8 வீராவின் 4ஜி93 எஞ்சின்கள் வேறு ரகம். அவற்றில் எண்ணெய் அழுத்தத்தாலேயே இடைவெளியை நிரப்பிக்கொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர்கள் உண்டு. இரவில் அவற்றிலிருந்து எண்ணெய் வடிந்துவிட்டால் காலையில் சில நொடி தட்டிவிட்டு அடங்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். எஞ்சின் சூடான பிறகும் தட்டினால் லிஃப்டரின் சிறு துளையில் அழுக்கு அடைத்திருக்கலாம், அல்லது லிஃப்டரே தேய்ந்திருக்கலாம். காலைச் சத்தம் நீண்டுகொண்டே போனால் எண்ணெய் ஃபில்டரையும் சந்தேகப்படுங்கள். எண்ணெய் பின்னோக்கி வடியாமல் தடுக்கும் ரப்பர் மடல் அதற்குள் இருக்கிறது. மலிவு ஃபில்டரில் அது சீக்கிரம் விறைத்துவிடும்.

டிக் என்று கேட்பதெல்லாம் வால்வும் அல்ல. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கிழிந்திருந்தாலும் அதே சத்தம்தான் வரும். குளிர்ந்திருக்கும்போது பலமாகக் கேட்டு, இரும்பு சூடாகி விரிந்ததும் தணியும். இணைப்பில் கரி படிந்திருக்கும். இன்ஜெக்டர்கள் இயல்பாகவே சொடுக்கும். அதற்கு வைத்தியமே தேவையில்லை. இடத்தைக் கண்டுபிடிக்கப் பழைய போர்மேன்கள் நீள ஸ்குரூடிரைவரின் முனையை ராக்கர் மூடியில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்பார்கள். பெல்ட்டும் காற்றாடியும் சுற்றும் இடம், சட்டைக் கை பத்திரம். மேலே மூடியில் வைத்தால் கூர்மையாகக் கேட்டு, கீழே சம்ப்பில் வைத்தால் மங்கினால், கோளாறு உச்சியில்தான். கீழிருந்து கனமான 'டொக் டொக்' வந்து, பாரம் ஏறும்போது பலத்தால் அது கனெக்டிங் ராட் பேரிங். அப்படிப்பட்ட காடியை ஓட்டக்கூடாது.

நம் பக்கத்துக் காடிகளுக்கென்று ஒரு தனி நோய் உண்டு. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் பத்தாங் பெர்சுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா அருகே, தென்னமரம் தோட்டத்தில் உருவானது. இன்று கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பெரும்பாலும் செம்பனைதான். லயத்திலிருந்து கடைக்கு, கடையிலிருந்து கோயிலுக்கு, பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்ப என்று காடி குறுகிய தூரமே ஓடும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுகிறோம். உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாக வழியில்லாமல் எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள். தே தாரிக் நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். ரேடியேட்டர் நீரும் குறைகிறதென்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பழக்குலை லாரிகள் கிளப்பும் செம்மண் தூசு வேறு. ஏர் ஃபில்டர் சரியாகப் பொருந்தாவிட்டால் அதுவும் எண்ணெய்க்குள் போய் உலோகத்தைத் தேய்க்கும்.

கிலோமீட்டர் கணக்கு இங்கே ஏமாற்றும். மீட்டர் இரண்டாயிரம்கூட ஓடியிருக்காது, எண்ணெய் கெட்டிருக்கும். எனவே ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கமாக அரை மணி நேரம் நிதானமாக ஓட்டிவிட்டு வாருங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் மீன் சாப்பிட ஒரு சாக்கு.

இனி புட்டி. கடையில் வாங்கும் எஞ்சின் எண்ணெயில் தேய்மானம் தடுக்கும் துத்தநாகச் சேர்மம், கழுவும் பொருள், அழுக்கை மிதக்கவைக்கும் பொருள் எல்லாம் அளவோடு கலந்தே வருகின்றன. மேற்கொண்டு ஊற்றும் புட்டிகளில் பல, பாலிமர் சேர்த்து எண்ணெயைத் தடிமனாக்குபவை. தடித்த எண்ணெயில் தட்டும் சத்தம் மங்கும். தேய்ந்தது தேய்ந்ததாகவே இருக்கும். கழுவும் வகையோ அடைத்த லிஃப்டருக்குச் சில சமயம் உண்மையிலேயே உதவும். ஆனால் பல வருடம் எண்ணெய் மாற்றாத எஞ்சினில் வீரியமான ஃபிளஷ் ஊற்றினால் கசடு கட்டி கட்டியாகப் பெயர்ந்து பம்பின் வடிகட்டியை அடைக்கும். அதைவிட நல்ல எண்ணெயை ஊற்றி ஆயிரம் கிலோமீட்டரில் மாற்றி, மறுபடி மாற்றுவதே மேல்.

விளம்பரத்தை நம்புவோருக்கு ஒரு செய்தி. சாதாரண எண்ணெய் மட்டும் போட்டால் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் எஞ்சினுக்குப் பாதுகாப்பு போதாது என்று சொல்லி ஸ்லிக் 50 என்ற சேர்மானம் அமெரிக்காவில் அமோகமாக விற்றது. அதற்கு ஆதாரம் இல்லை என்று அந்நாட்டுக் கூட்டரசு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 1997-இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்து, ஆதாரமில்லாமல் அப்படி விளம்பரம் செய்யத் தடை வந்தது. பனி கொட்டும் ஊரிலேயே கதை அப்படி. விடியற்காலையிலும் வியர்க்கும் நம் ஊரில் குளிர் ஸ்டார்ட் பயத்தைக் காட்டிப் புட்டி விற்பது கொஞ்சம் அதிகம்தான்.

கடைக்காரர் அடுத்த முறை புட்டியை நீட்டினால், இது எந்த உறுப்பின் சத்தத்துக்கு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் காசுக்கு நல்ல ஃபில்டர் வாங்குங்கள். அடுத்த வாரம் கியர்பாக்ஸ்.