வானம் பார்த்துப் பூக்கும் வாழை

திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக் கரையில் வாழை போடும் நண்பர் வீட்டு வாசலில் ஒரு வாழை நிற்கிறது. ஆள் உயரம்கூட இல்லை. பூ தொங்காமல் வானத்தைப் பார்க்கிறது. விரல் நீளத்துக்கு ரோஸ் நிறக் காய்கள். "நர்சரியில அழகு வாழைன்னு கொடுத்தாங்க. என்ன ரகம்னு அவங்களுக்கே தெரியல. தின்னலாமாண்ணே?" என்றார்.

அழகு வாழை என்று விற்பதில் பாதி வாழையே இல்லை. இரண்டே வரிசையில் இலை விரிந்தால் விசிறிவாழை. படகு போல மடல்கள் அடுக்கியிருந்தால் ஹெலிகோனியா. மெல்லிய தண்டில் சிவப்பு, மஞ்சள் பூ என்றால் கல்வாழை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளில் வளரும் வேறொன்றையும் கல்வாழை என்றே சொல்கிறார்கள். அது அடி பெருத்திருக்கும், பக்கக்கன்று விடாது, விதையில்தான் வரும்.

நண்பருடைய மரத்தடியில் நாலைந்து கன்றுகள். காயைத் தடவினால் வெல்வெட் போல ரோமம். பழுத்த ஒன்று தானாகவே தோலுரிந்து வெள்ளைச் சதை காட்டியது. இனி சந்தேகமில்லை: மூசா வெலுட்டினா. அசாம், அருணாசலப் பிரதேசப் பக்கத்துக் காட்டு வாழை. இதேபோல நிமிர்ந்து பூக்கும் மூசா ஓர்னேட்டாவுக்கு மடல் இளம் ஊதா, காயில் இந்த ரோமம் இருக்காது. தின்னலாம், இனிக்கும். ஆனா வாய் நிறைய கறுப்புக் கொட்டை. பல்லுக்கு யாரும் பொறுப்பில்லை.

எனக்குப் பழத்தைவிடக் கன்றுதான் கவலை. அதைப் பிரித்துக் கற்பூரவள்ளித் தோட்டத்து வரப்பில் வைக்க இருந்தார். வேண்டாம் என்றேன். முடிக்கொத்து நோய் கன்று வழியாகவும் வாழை அசுவினி வழியாகவும் பரவுவது. இலைக்காம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் விழும். இலை குறுகி உச்சியில் கொத்தாக நிமிரும். வந்துவிட்டால் பஞ்சகவ்யா உட்பட எந்தக் கரைசலும் குணப்படுத்தாது, கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டியதுதான். எங்கிருந்து வந்ததென்று தெரியாத கன்றை நம்பி ஒரு தோட்டத்தையே பணயம் வைக்கலாமா? இன்னொன்று, காட்டு வாழை மகரந்தம் பட்டால் கற்பூரவள்ளியில் கொட்டை விழுவதுண்டு. கொட்டை விழுந்த தாரை எந்த வியாபாரி எடுப்பார்?

இப்படி ஒரு செடி உங்களிடம் இருந்தால் அடி, பூ, மடலின் உட்புறம், அறுத்த காய் ஆகியவற்றைத் தனித்தனியாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சிக்குப் பக்கத்தில் தாயனூரில்தான் இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் நேரிலேயே காட்டிக் கேட்கலாம். பெருக்க ஆசையென்றால் கன்றை விட்டுவிட்டு விதையை எடுங்கள். ஊறவைத்துத் தொட்டியில் போட்டால் முளைக்கும், வாரக்கணக்கில் பொறுக்கணும்.