உங்களுக்குத் தெரியுமா? தாத்தா கட்டிலின் வயது அடிப்பக்கத்தில்!

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் உங்கள் வீட்டில் பழைய தேக்குக் கட்டில் இருக்கிறதா? பாலிஷ் போடும் முன் கவிழ்த்துப்போட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ரம்பத் தடம் நேர்க்கோடாக, இடைவெளி சீரில்லாமல் இருந்தால் ஆள் இழுத்து அறுத்த மரம். வில்லாய் வளைந்திருந்தால் மில்லின் வட்ட ரம்பம். திருகாணித் தலையில் கூட்டல் குறியா? அது 1930களுக்கு முந்தியதல்ல. பழுது பார்த்தபோது மாற்றியிருக்கலாம் என்பதால் ஒற்றைத் திருகாணியை மட்டும் நம்பவே கூடாது.

கால்கள் மேலே நீண்டு கொசுவலைச் சட்டத்தைத் தாங்கினால் ஐரோப்பியச் சாயல். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி பக்கத்தில்தானே!

கடைசல் காலைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. கடைந்தபோது முழு வட்டமாயிருந்த கால், காலப்போக்கில் லேசாக முட்டை வடிவமாகிவிடும்.