பாம்பன் பாலமும் என் புத்தக அலமாரியும்

எடிசனில் எங்கள் வீட்டு அலமாரிப் பலகை நடுவில் தொய்ந்துவிட்டது. மூன்றடிப் பலகை, இரு முனையிலும் தாங்கும் கட்டைகள், மேலே ஊரிலிருந்து பெட்டி பெட்டியாய்ச் சுமந்து வந்த புத்தகங்கள். பொறியியலில் முதுகலை படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்குப் பழைய பாடம் நினைவுக்கு வந்தது. இரு முனைகளில் சும்மா உட்கார வைத்த உத்தரம். பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களும் இந்த வகைதான்.

1914ல் திறந்த பழைய பாலத்தில், கப்பலுக்குத் திறக்கும் பகுதி நீங்கலாக, ஒவ்வொரு கண்ணும் 12.2 மீட்டர். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 18.3 மீட்டர். ஒன்றரை மடங்கு. இதனால் என்ன ஆகும்?

எளிமைக்காக 12, 18 என்று வைத்துக்கொள்வோம். சுமை மீட்டருக்கு 2 டன் என்பது என் கற்பனை எண். 12 மீட்டருக்கு மொத்தம் 24 டன். ஆளுக்குப் பாதியாக ஒவ்வொரு தூணும் 12 டன் தாங்கும். நடுவில் வெட்டிப் பாருங்கள். தூண் மேலே தள்ளுவது 12 டன், 6 மீட்டர் தள்ளி: 72. அந்தப் பாதியின் சுமை கீழே அழுத்துவது 12 டன், 3 மீட்டர் தள்ளி: 36. மிச்சம் 36 டன்-மீட்டர். இதுதான் வளைவுத் திருப்புத்திறன், கல்லூரியில் சொன்ன பெண்டிங் மொமென்ட். சுருக்கமாக, மீட்டர்ச் சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8ஆல் வகுக்க வேண்டும். 18 மீட்டருக்கு 81 வரும், இரண்டேகால் மடங்கு.

தொய்வு இன்னும் மோசம். அது நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். அதே கர்டரைப் போட்டால் ஐந்து மடங்கு தொய்யும். பரிகாரம் உயரம்: செவ்வக உத்தரத்தின் உயரத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும்.

தூண்மேல் தனித்தனியே உட்காருவதில் ஒரு பலவீனம் உண்டு, ஒரு பலமும் உண்டு. 1964 டிசம்பர் புயலில் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலுக்குள் போயின. ஆனால் ஒன்று விழுந்ததற்காக அடுத்தது முறியவில்லை. விழுந்தவற்றில் பலவற்றைக் கடலிலிருந்து தூக்கி மீண்டும் தூண்மேல் வைத்தார்கள். ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் ரயில் ஓடியது.

என் பலகையைத் திருப்பிப் போட்டு, நடுவில் ஒரு கட்டை நிறுத்தினேன். நீளம் பாதியானதால், தொய்வு இனிப் பதினாறில் ஒரு பங்குக்கும் குறைவு. புத்தகங்களைக் குறைக்க வேண்டியதில்லை.