இலங்கையில் நிதானமான சாலைவழிச் சுற்றுப்பயணம்

இலங்கைத் தீவை ஒரு வாடகை வண்டியில், மூன்று வாரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மூன்று இரவுகள் தங்கிச் சுற்றிவரும் பயணமே இங்கு நிதானமான சாலைவழிச் சுற்றுப்பயணம் எனப்படுகிறது. தீவின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பான 1,30,058 சதுர கிலோமீட்டரில் இது ஏறக்குறைய பாதி. இந்தச் சிறிய அளவுதான் திட்டமிடுவோரை ஏமாற்றுகிறது. வரைபடத்தைப் பார்த்ததும் ஐந்து நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிப் போனவர்கள் பெரும்பாலும் வண்டியின் சன்னல் வழியாகவே இலங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு இது மிக அருகிலுள்ள வெளிநாடு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் ஆகிய கடற்கரை ஊர்களுக்கு எதிரே பாக் நீரிணைக்கு அப்பால் இருப்பது யாழ்ப்பாணக் குடாநாடு. இவ்வளவு அருகில் இருந்தும் இங்கிருந்து நேராகப் படகேறிப் போக வழியில்லை. அனுமதிக்கப்பட்ட துறைகள் வழியாகவே போக வேண்டும்.

போய்ச் சேரும் வழிகள்

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டையிலிருந்து சாலைவழியில் ஒரு மணி நேரத் தொலைவு. அங்கிருந்து கொழும்புக்கு நெடுங்காலமாக விமானங்கள் உண்டு. 2025 மார்ச் இறுதியில் யாழ்ப்பாணத்துக்கும் (பலாலி) நேரடி விமானம் தொடங்கப்பட்டது. கடல்வழியில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கப்பட்டு, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. பயண நேரம் சுமார் நான்கு மணி. இதில் ஆட்கள்தான் போகலாம், சொந்தக் காரை ஏற்றிச் செல்ல முடியாது. வடகிழக்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் கப்பல் நிறுத்தப்படுவதும் உண்டு. ஆகவே திரும்பும் பயணத்துக்குக் கப்பலை மட்டும் நம்பியிருப்பது சரியல்ல.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளோர் புறப்படுமுன் இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தின் இணையதளத்தில் மின்னணுப் பயண அனுமதி பெற வேண்டும். இதன் கட்டணமும் விதியும் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளன. சென்ற ஆண்டு போய்வந்தவர் சொன்னதை வைத்துக்கொண்டு கிளம்பாமல், பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

தூரத்தை மணிக்கணக்கில் அளத்தல்

இலங்கையில் கட்டண விரைவுச்சாலைகள் பெரும்பாலும் கொழும்பைச் சுற்றியும் தெற்கு நோக்கியுமே உள்ளன. வடக்கிலும் கிழக்கிலும் மலைநாட்டிலும் இருப்பவை இருவழிச் சாலைகள். ஊர்களுக்குள் மணிக்கு 50 கிலோமீட்டரும், வெளியே கார்களுக்கு 70 கிலோமீட்டரும் வேக வரம்பு. பேருந்து, மூன்று சக்கர வண்டி, மிதிவண்டி, மாடு எல்லாவற்றுக்கும் இடம்விட்டுப் போகும்போது சமவெளியில் மணிக்கு 40 கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல வேகம். மலையில் 25தான். கண்டியிலிருந்து நுவரெலியா சுமார் 77 கிலோமீட்டர். அதைக் கடக்க மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். யாழ்ப்பாணத்தில் தொடங்கி மன்னார், அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை, கண்டி, நுவரெலியா, எல்ல, பொத்துவில், மட்டக்களப்பு, திருகோணமலை, வவுனியா வழியாக மீண்டும் யாழ்ப்பாணம் வந்தால் மொத்தம் சுமார் 1,100 கிலோமீட்டர். ஏழு நாளில் முடிப்பதானால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 157 கிலோமீட்டர், அதாவது தினமும் நான்கைந்து மணி நேரம் வண்டியில். அதே சுற்று 21 நாளில் என்றால் நாளுக்கு 50 கிலோமீட்டருக்கும் சற்று மேல்தான். நடைமுறையில் இது இரண்டு நாள் தங்கி, மூன்றாம் நாள் காலையில் புறப்பட்டு மதியச் சாப்பாட்டுக்குள் அடுத்த ஊர் சேர்வதாக அமையும். வாரத்துக்கு ஒரு நாளை எந்தத் திட்டமும் இல்லாமல் விட்டுவைப்பது மழைக்கும் உடல்நலக் குறைவுக்கும் ஈடுகொடுக்கும். பெரியவர்களை அழைத்துச் செல்வோருக்கு இந்த வெற்று நாள் கட்டாயம் தேவை.

மாதமும் திசையும்

தீவுக்கு இரண்டு பருவமழைகள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குக் கரையையும் மலைகளின் மேற்குச் சரிவையும் நனைக்கும். அப்போது கிழக்குக் கரை வெயிலோடு இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழையில் நிலைமை தலைகீழ். அதனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் செல்வோர் மலைநாட்டுக்கும் தெற்குக்கும் கூடுதல் நாள் ஒதுக்கலாம். சூலை, ஆகஸ்டில் செல்வோர் யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு, அறுகம் குடா எனக் கிழக்குப் பக்கம் நின்று நிதானிக்கலாம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவும் கண்டிப் பெரகராவும் இந்தக் காலத்தை ஒட்டியே வரும். அந்நாட்களில் தங்குமிடம் கிடைப்பதும் அரிது, விலையும் ஏறிவிடும்.

பள்ளி விடுமுறையைப் பார்த்துச் செல்லும் குடும்பங்களுக்கு ஏப்ரல் பிற்பகுதியும் மே முதல் பாதியும் ஏற்றவை. வடக்கில் வெயில் கடுமையாக இருக்கும். சிங்கள, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி ஏப்ரல் நடுவில் சில நாட்கள் கடைகள் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அக்டோபர், நவம்பர் மாதங்களைத் தவிர்ப்பதே அறிவு. 2025 நவம்பர் இறுதியில் தாக்கிய டித்வா புயல் மலைநாட்டில் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கி, நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. சாலைகளும் பாலங்களும் மலையக ரயில் பாதையும் பலத்த சேதம் அடைந்தன. எந்த மாதமானாலும் மலைக்கு ஏறுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பதும், பாதை திறந்திருக்கிறதா என்று தங்கும் விடுதியில் தொலைபேசியில் கேட்டுக்கொள்வதும் வழக்கமாக வேண்டும்.

வண்டியும் ஓட்டுநரும்

இந்திய ஓட்டுநர் உரிமத்தை மட்டும் காட்டி இலங்கையில் வண்டி ஓட்ட முடியாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெற்று, இலங்கையில் அதற்கு மேலொப்பம் வாங்க வேண்டும். அல்லது அங்குள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். 2025 ஆகஸ்டு முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே இதற்கான முகப்பு உள்ளது. பலாலி, காங்கேசன்துறை வழியாக வருவோர் வண்டி தரும் நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசி இதை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வாகனம் இடப்பக்கம் செல்வதால் நம்மவர்களுக்குப் புதிதாகப் பழக வேண்டியது அதிகமில்லை.

எனினும் நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஓட்டுநரோடு வேன் அமர்த்துவதே சிறந்தது. மலைப்பாதையில் பிற்பகலில் மூடுபனி இறங்கும். நுவரெலியாவிலிருந்து கீழே வரும் கொண்டையூசி வளைவுகளில் குறைந்த கியரில் இறங்கத் தெரியாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருப்பது ஆபத்து. அநுராதபுரம், ஹபரணை, மின்னேரியா வட்டாரங்களில் மாலைக்குப் பின் காட்டு யானைகள் சாலைக்கு வரும். இருட்டுவதற்குள் ஊர் சேர்வது என்பதை ஓட்டுநருடன் முதல் நாளே பேசி முடிவு செய்ய வேண்டும். ஓட்டுநரின் இரவுத் தங்கலும் உணவும் யார் பொறுப்பு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் வரை வாடகையில் அடங்கும் என்பவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டால் கடைசி நாளில் மனக்கசப்பு வராது.

முன்னோர் நடந்த பாதை

இந்தச் சுற்றில் மன்னாரிலிருந்து மாத்தளை வரையிலான பகுதிக்குப் புதுக்கோட்டையோடு பழைய தொடர்பு உண்டு. 1830களுக்குப் பின் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்தும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் கங்காணிகள் ஆட்களைத் திரட்டிச் சென்றார்கள். ஊரிலிருந்து கடற்கரைக்கு நடை. தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் போன்ற துறைகளிலிருந்து தோணி. மன்னார்க் கரையில் இறங்கியபின் காடுகளின் ஊடே மாத்தளைக்கு மீண்டும் நடை. பசியும் காலராவும் மலேரியாவும் வழியிலேயே பலரைக் கொன்றன. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோயால் காப்பி அழிந்தது, தேயிலை வந்தது, ஆட்கள் தேவை இன்னும் கூடியது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் வந்தபின் இந்தப் பாதையில் ரயிலும் கப்பலுமாகப் போகும் வசதி ஏற்பட்டது.

அந்தப் பாதையை இன்று வேனில் ஆறு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். அப்படிக் கடக்காமல் நான்கைந்து நாள் எடுத்துக்கொள்வது தகும். மன்னாரில் திருக்கேதீச்சரம், தலைமன்னாரில் பழைய இறங்குதுறை, பிறகு மதவாச்சி வழியாக அநுராதபுரம், அங்கே பெரிய தூபிகள், அருகில் மிகிந்தலை. தம்புள்ளைக் குகைக் கோயிலுக்கும் சிகிரியாக் குன்றுக்கும் தனித்தனி நாள் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் ஏறி முழங்கால் வலியோடு படுப்பவர்கள் பலர். சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்த்தவர்கள் சிகிரியா ஓவியங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் முதன்மைச் சாலையிலேயே உள்ளது. மாசிமகத்தில் இங்கு ஐந்து தேர் ஓடும். நார்த்தாமலை முத்துமாரியம்மனை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் இங்கு வந்ததில் வியப்பிருக்காது.

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அப்படித் தாயகம் திரும்பியோர் நீலகிரி, திருச்சி, புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களில் குடியமர்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்த தோட்டத்தைப் பார்க்க விரும்பினால் வீட்டிலுள்ள பழைய கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, பிறப்புச் சான்று ஆகியவற்றில் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் முதலில் எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும். பல தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கும். வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் தமிழ்ப் பெயர். வரைபடத்தில் இருப்பது ஆங்கிலப் பெயர். இரண்டும் ஒன்றுதானா என்று அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துக் கடைக்காரரிடமோ கோயில் பூசாரியிடமோ கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இதற்கென்று மலையில் குறைந்தது மூன்று நாட்களைத் தனியே வைக்க வேண்டும்.

லயன் வீடுகள் வேடிக்கை பார்க்கும் இடமல்ல. இன்றும் ஒரே அறையிலும் ஒரு சிறு திண்ணையிலும் குடும்பங்கள் வாழ்கின்றன. தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டு உள்ளே போவதும், கேட்காமல் படம் எடுக்காமல் இருப்பதும் முறை.

வடக்கும் கிழக்கும்

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 சாலையின் நீளம் சுமார் 320 கிலோமீட்டர். போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக்கிடந்த இச்சாலை 2002இல் திறக்கப்பட்டு, 2006இல் மீண்டும் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்தபின் படிப்படியாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கிளிநொச்சி, முகமாலைப் பக்கங்களில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் சாலையை விட்டு இறங்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் நல்லூர், கீரிமலை, 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் புதுப்பிக்கப்பட்ட பொதுநூலகம், குறிகட்டுவானிலிருந்து படகில் போகும் நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்கு நான்கு நாள் சரியாக இருக்கும். மன்னாருக்குச் சங்குப்பிட்டிப் பாலம் வழியாகப் பூநகரிச் சாலையில் போவது ஏ9ஐ விட அழகு, கூட்டமும் குறைவு. கிழக்கில் திருகோணமலைக் கோணேசர் கோயிலும் மட்டக்களப்பு வாவியும் தவறவிடக் கூடாதவை.

முழுநிலா நாட்கள் போயா எனப்படும் அரசு விடுமுறை. மது விற்பனை இல்லை, விகாரைகளில் கூட்டம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது கடுங்குற்றமாகக் கருதப்படும். நல்லூரில் ஆண்கள் மேலாடை களைந்தே உள்ளே போக வேண்டும்.

மொழியில் சில சொற்களை முன்பே அறிந்திருப்பது உதவும். அங்கே ஓட்டுநர் சாரதி, ஓட்டுநர் உரிமம் சாரதி அனுமதிப்பத்திரம், சாலை வீதி, துறை திணைக்களம். பேசுவதைக் கதைப்பது என்பார்கள். தென்பகுதிச் சிற்றூர்களில் தமிழ் தெரியாதவர்கள் மிகுதி என்பதால், மலையகத்தைச் சேர்ந்த ஒருவர் சாரதியாகக் கிடைத்தால் சிங்களமும் தமிழும் இரண்டும் பேசுவார்.