ஆபரேஷன் புண்ணில் சீழா? பிள்ளையைப் பிரிக்க வேண்டாம்



சிசேரியன் முடிந்து லயத்துக்கு வந்த பின் தையல் சிவந்து சீழ் வைத்தால், "பிள்ளையைத் தொடாதே, ஒட்டிக்கும்" என்று பயங்காட்டுவார்கள். ஒரே காம்பராவில் ஆறு பேர் இருக்கையில் தாய் எங்கே போய் ஒதுங்குவாள்?

இதற்கு அடிக்கடி காரணமாவது ஸ்டெபிலோகொக்கஸ் என்ற கிருமி. 1880இல் ஸ்கொட்லாந்து டாக்டர் அலெக்சாண்டர் ஒக்ஸ்டன் சீழில் இதைக் கண்டார். சுகமாக இருப்பவர்களிலும் 10 பேரில் சுமார் 3 பேருடைய மூக்கில் இது உண்டு. பரவுவது பெரும்பாலும் கையாலும் துணியாலும்தான்.

ஆகவே புண்ணைச் சுத்தமான கட்டால் மூடி வையுங்கள். கட்டைத் தொட்டால், சவுக்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். துவாய், கம்பளியைப் பொதுவில் பாவிக்காதீர்கள். துணியைச் சுடுதண்ணியில் துவைத்துப் போடுங்கள். திம்புள்ளை மழையில் அடுப்படிச் சூட்டிலாவது நன்றாகக் காயட்டும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்; மார்பிலே புண், கட்டி இருந்தால் மட்டும் மருத்துவிச்சியம்மாவிடம் கேளுங்கள்.

மெதிசிலின் மருந்துக்கு அடங்காத வகை 1961இல் இங்கிலாந்தில் தெரியவந்தது. எனவே பக்கத்து வீட்டுக் குளிசையைக் குடிக்காதீர்கள். டாக்டர் சொன்ன நாள்வரை உங்கள் குளிசையைக் குடியுங்கள்.

காய்ச்சல் வந்தாலும், சிவப்பு பரவினாலும், பிள்ளை உடம்பில் கொப்புளம் கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பக்கத்துக் காம்பராக்காரரே, அவளை ஒதுக்காமல் பீலியில் ஒரு குடம் தண்ணி பிடித்துக் கொடுங்கள். அதுவும் வைத்தியம்தான்.